சுமேரிய 'ஊர்' முதல் பாரிவாக்கம் வரை

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் வழியில் இருக்கும் பாரிவாக்கத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் இரண்டு நெடில்களும் மறைந்துவிடுகின்றன. 'பா'வுக்கும் 'ப'வுக்கும், 'வா'வுக்கும் 'வ'வுக்கும் அங்கே வேறுபாடு இல்லை. உள்ளூர்க்காரருக்கு இதனால் தொல்லையில்லை. பெயரைக் காதால் அறிந்தவர் பலகையைப் பார்த்துத் தடுமாற மாட்டார். ஆனால், மனை பார்க்க வரும் வெளியூர்க்காரர் 'பரிவாக்கம்' என்று படிக்கலாம். படித்தபடியே தமிழிலும் எழுதலாம். இன்று பெரும்பாலானோர் ஓர் ஊரின் பெயரை முதன்முதலாகச் சந்திப்பது கைப்பேசி வரைபடத்தில். அதுவும் ஆங்கில எழுத்தில். ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பெயரை ஊகித்தறியும் நிலைக்கு வந்துவிட்டோம். இத்தகைய ஊகம் எங்கெல்லாம் இடறும் என்பதைக் காட்ட, நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையுடைய ஒரு நகரத்தின் பெயர் பெரிதும் உதவும்.

தென் ஈராக்கில், நசிரியா நகருக்கு அருகே இருக்கும் சுமேரிய நகர அரசு அது. ஆங்கிலத்தில் அதன் பெயர் இரண்டே எழுத்துகள்: 'யூ', 'ஆர்'. தமிழர் அதை 'ஊர்' என்று படிக்கிறோம். படித்த மாத்திரத்தில் உள்ளம் துள்ளுகிறது. உலகின் முதல் நகரங்களுள் ஒன்றுக்குத் தமிழ்ச் சொல்லே பெயராக இருந்தது என்ற முடிவுக்கு வர அதிக நேரம் ஆவதில்லை. மேடைகளிலும் சமூக ஊடகங்களிலும் இந்தக் கூற்றைக் கேட்காதவர் குறைவு. ஆர்வலர்கள் மட்டுமே இவ்வாறு கருதினர் என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கைத் தமிழறிஞர் ஆ. சதாசிவம், சுமேரியம் ஒரு திராவிட மொழியே என்று வாதிட்டு 1965-இல் ஒரு நூலே எழுதினார். எனினும், மொழியியலாளர் பெரும்பாலோர் சுமேரியத்தை எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத தனிமொழி என்றே இன்றுவரை வகைப்படுத்துகின்றனர். அதற்கான காரணங்களை விளங்கிக்கொள்ள, அந்த இரண்டு எழுத்துகள் ஆங்கிலத்துக்கு வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

அவை சுமேரியரிடமிருந்து நேராக வரவில்லை. அந்த மண்ணில் வாழ்ந்த அரபு மக்களிடமிருந்தும் வரவில்லை. அரபு மக்களுக்கு அந்த இடம் 'தல் அல்-முகய்யர்'. கீல் பூசிய மேடு என்று பொருள்படும். பழைய செங்கற்களை ஒட்டவைக்கப் பயன்பட்ட கரிய கீலைப் பார்த்து அவர்கள் இட்ட காரணப்பெயர் அது. 1850-களில் பாஸ்ராவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த ஜே.ஜி. டெய்லர் அந்த மேட்டைத் தோண்டினார். படிக்கட்டுக் கோபுரத்தின் மூலைகளில் களிமண் உருளைகள் கிடைத்தன. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட நபோனிதஸ் என்ற அரசன், பழுதடைந்த கோபுரத்தைத் தான் சீரமைத்த செய்தியை அவற்றில் எழுதி வைத்திருந்தான். ஆப்பெழுத்தைப் படித்தறிவதில் முன்னோடியான ஹென்றி ராலின்சன், அதில் குறிக்கப்பட்டிருக்கும் நகரமே விவிலியத்தின் தொடக்கநூல் கூறும் ஆபிரகாமின் சொந்த ஊர் என்று அறிவித்தார்.

ஆக, ஆங்கிலேயர் ஒரு புதிய பெயரைக் கற்றுக்கொள்ளவில்லை. எபிரேய விவிலியத்திலிருந்து மொழிபெயர்ப்புகள் வழியே அவர்கள் நாவில் முன்பே இருந்த பெயரை அந்த மேட்டுக்குப் பொருத்தினார்கள். விவிலியம் அதைக் கல்தேயரின் நகரம் என்கிறது. கல்தேயர் வரலாற்றில் தலைகாட்டுவதோ கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில்தான், நகரத்தின் பொற்காலம் முடிந்து ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் நகரத்தின் பெயரையே விட்டுவிட்டு, 'கல்தேயரின் நாடு' என்ற பொருளில் எழுதிச் சென்றார்கள். ஆபிரகாமின் ஊர் தென் ஈராக்கில் இருந்ததா, வடக்கே துருக்கியில் உள்ள உர்ஃபாவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 2021 மார்ச்சில் போப் பிரான்சிஸ் ஈராக் சென்றபோது இந்தத் தொல்லிடத்தின் அருகேதான் பல்சமய வழிபாடு நடத்தினார். ராலின்சனின் முடிவு அந்த அளவுக்கு நிலைபெற்றுவிட்டது.

சுமேரியர் தங்கள் நகரத்தை அழைத்தது 'உரிம்' என்று. சொல்லின் கடைசியில் மகர மெய் உண்டு. பிற்காலத்தில் அது தேய்ந்து 'உரி' ஆயிற்று. அக்காத் மொழியினர் 'உரு' என்றனர். இந்தப் பெயரை அவர்கள் எழுதிய முறை இன்னும் சுவையானது. ஒலிக்கு ஓர் எழுத்தாக அவர்கள் எழுதவில்லை. வேறிடத்தில் 'சகோதரன்' என்று பொருள்படும் ஒரு குறியையும், உறைவிடத்தைச் சுட்டும் ஒரு குறியையும் சேர்த்து எழுதி, இறுதியில் 'கி' என்ற குறியை இட்டார்கள். 'கி' என்றால் நிலம், இடம். பெயருக்குப் பின்னால் வரும்போது அதை ஒலிப்பதில்லை. முன்னால் உள்ளது ஓர் இடத்தின் பெயர் என்று கண்ணுக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. எனவே, குறிகளை வெறுமனே பார்த்து 'உரிம்' என்று யாராலும் படிக்க முடியாது. எந்தக் கூட்டுக்குறியை எப்படி ஒலிக்க வேண்டும் என்று பழங்காலத்து எழுத்தர் பள்ளிகளில் எழுதிவைத்த சொற்பட்டியல்கள் கிடைத்ததால்தான் அந்த ஒலி நமக்குத் தெரியவந்தது.

நகரம் என்ற பொதுப்பொருளில் சுமேரியத்தில் 'உரு' என்றும் 'இரி' என்றும் படிக்கப்படும் ஒரு சொல் உண்டு. நம் 'ஊர்' உடன் ஒப்பிட விரும்புவோர் எடுத்துக்கொள்ள வேண்டிய சொல் அதுதான். ஆனால், அந்தச் சொல் வேறு, நகரத்தின் பெயர் வேறு. இரண்டுக்கும் எழுத்துக்குறியே வேறு. இது போதாதென்று, படிக்கட்டுக் கோபுரத்தைக் கட்டிய அரசன் ஊர்-நம்முவின் பெயரிலும் ஓர் 'ஊர்' இருக்கிறது. அது நகரத்தையும் குறிக்கவில்லை. பொதுவாக ஊரையும் குறிக்கவில்லை. நம்மு என்ற பெண் தெய்வத்தின் அடியான் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஆங்கில எழுத்தில் ஒரே தோற்றத்தோடு நிற்கும் இந்தச் சொற்கள் மூன்றும் களிமண் பலகையில் மூன்று வேறு உருவங்கள். இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆங்கிலேயர் பலர் அந்த இரண்டெழுத்தை 'ஊர்' என்று ஒலிப்பதே இல்லை. 'ஃபர்' என்பதில் வரும் உயிரொலியோடு, ஏறக்குறைய 'அர்' என்கிறார்கள். நெடில் ஊகாரத்தோடு அதைப் படித்து மகிழ்வது நாம்தான்.

படிப்பு மாறினால் பெயரே மாறும் என்பதற்குச் சுமேரியாவில் சான்றுகள் ஏராளம். லகாஷ் என்று இன்று அறியப்படும் நகர அரசைத் தொடக்க கால ஆய்வாளர்கள் 'சிர்புர்லா' என்று எழுதினார்கள். மூன்று குறிகளைத் தனித்தனியே ஒலித்ததால் வந்த பெயர் அது. சேர்த்துப் படிக்க வேண்டிய முறை தெரிந்ததும் 'லகாஷ்' வந்தது, 'சிர்புர்லா' பழைய நூல்களோடு நின்றுவிட்டது. கில்காமேஷ் என்ற காவிய நாயகனை, வெள்ளக் கதையை 1872-இல் உலகுக்கு அறிவித்த ஜார்ஜ் ஸ்மித் 'இஸ்துபார்' என்றே படித்திருந்தார். லெனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை நடத்திய அகழாய்வில் பொன்னணிகளோடு ஓர் அரசியின் கல்லறை வெளிப்பட்டது. அவளுடைய முத்திரையில் இருந்த பெயரைச் சுமேரிய மொழி என்று கொண்டு 'ஷுபத்' என்றார்கள். அக்காத் மொழி என்று கொண்டபோது அதே குறிகள் 'புவாபி' ஆயின. ஒரு தலைமுறைக்கு ஷுபத்தாக வாழ்ந்த அரசி இன்று அருங்காட்சியகங்களில் புவாபியாக இருக்கிறாள்.

உருக் நகரத்தின் கதை வேறு வகை. சுமேரியருக்கு உனுக், அக்காதியருக்கு உருக், எபிரேயருக்கு எரெக், அரபு மக்களுக்கு வர்க்கா. இவற்றில் எதுவும் தவறான படிப்பு அல்ல. ஒரே பெயர் கைமாறிக் கைமாறிப் பல உருவங்களைப் பெற்றிருக்கிறது. ஆங்கிலம் முதலில் எரெக்கை எடுத்துக்கொண்டது. பின்னர் உருக்குக்கு மாறியது. ஆனால், மூத்த வடிவமான உனுக் ஆய்வேடுகளைத் தாண்டவில்லை. சிர்புர்லாவையும் எரெக்கையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. முன்னது திருத்தப்பட வேண்டிய பிழை, பின்னது வழக்கு. நம் ஊர்ப்பெயர்களைப் பற்றி வாதிடும்போது இந்த வேறுபாட்டைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது ஒரு சொல்லோடு நில்லாமல், வரிசையாக வர வேண்டும். தமிழில் பால், பல், புலி. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி. தமிழ்ச் சொல்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது ஒழுங்காக நிகழ்வதால்தான் நம் 'பள்ளி'யும் பெங்களூரு மாரத்தஹள்ளியின் 'ஹள்ளி'யும் ஒன்று என்று துணிந்து சொல்ல முடிகிறது. சுமேரியத்துக்கும் தமிழுக்கும் இடையே அப்படி ஓர் ஒழுங்கு நிறுவப்படவில்லை. இதனால் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நகரத்துக்கும் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இடையே இருந்த உண்மையான தொடர்பே வியப்பூட்டப் போதுமானது. அரச கல்லறைகளில் சிந்துவெளிக் கைவினைஞரின் சூதுபவள மணிகள் கிடைத்தன. அங்கே கிடைத்த இந்திய பாணி முத்திரைகளைப் பற்றி சி.ஜே. காட் 1932-இல் எழுதினார். மெலுகா என்ற நாட்டின் கப்பல்கள் தன் துறையில் நின்றதாக அக்காத் அரசன் சார்கோன் பெருமைப்பட்டிருக்கிறான். அந்த மெலுகா சிந்துவெளியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய மணியும் முத்திரையும் இருக்க, இரண்டெழுத்து ஒற்றுமையைப் பிடித்துத் தொங்குவது ஏன் என்றுதான் புரியவில்லை.

இதே மயக்கம் நம் வீட்டு வாசலிலும் உண்டு. ஆவடி என்பது படைத்துறை வாகனங்களையும் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று படித்தவர்களே சொல்லக் கேட்கலாம். 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாடு 1955-இல் ஆவடி என்ற பெயரோடுதான் அங்கே நடந்தது. கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது அதற்குப் பின்னர், 1960-களில். பெயருக்கு ஏற்ப விரிவாக்கத்தைப் பிற்பாடு செய்திருக்கிறார்கள். அதன் சாமர்த்தியத்தை மட்டும் பாராட்டலாம். பாரிவாக்கத்துக்கும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரிக்கும் முடிச்சுப் போடுவதும் இத்தகையதே. பாரியின் பறம்பு என்று மரபு காட்டுவது சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையை. கல்வெட்டோ பழைய ஆவணமோ துணை நிற்காதவரை, ஒலி மட்டும் அவ்வளவு தொலைவைக் கடக்காது.

பெயரின் பிற்பாதியைப் பற்றி உறுதியாகப் பேசலாம். அது 'பாக்கம்'. குடியிருப்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மெல்லெழுத்தை அடுத்தால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று பகரம் நிற்கும். ஒற்று மிகுந்தால் கீழ்ப்பாக்கம், சேப்பாக்கம். ஒற்று மிகாமல் உயிரை அடுத்து வந்தால் பகரம் வகரமாகி வில்லிவாக்கம், புரசைவாக்கம், பாரிவாக்கம். மேற்கூறிய ஒழுங்கு என்பது இதுதான். ஆங்கிலத்தில் இதே சொல் படும் பாட்டைப் பாருங்கள். கீழ்ப்பாக்கத்திலும் சேப்பாக்கத்திலும் அது 'பாக்' என்று வால் அறுந்தது. புரசைவாக்கத்தில் இல்லாத லகரம் ஒன்று நுழைந்து 'வால்கம்' ஆயிற்று. நுங்கம்பாக்கத்திலும் பாரிவாக்கத்திலும் ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் அறிந்த ஒருவருக்கு இவையெல்லாம் ஒரே சொல் என்று தோன்றவே தோன்றாது.

நம் 'ஊர்' என்ற சொல்லுக்கும் இந்தக் கதிதான். வேலூர், தஞ்சாவூர், மயிலாப்பூர், கோயம்புத்தூர் ஆகியவற்றில் கும்பெனி காலத்து ஆங்கிலம் அதை 'ஓர்' என்று எழுதியது. அம்பத்தூர், பெரம்பூர், கொளத்தூர் ஆகியவற்றில் 'யூ', 'ஆர்' என்ற அதே இரண்டெழுத்து. ஆம், சுமேரிய நகரத்தின் எழுத்துக்கோவையேதான். தூத்துக்குடி, தரங்கம்பாடி போன்ற துறைமுகங்களின் பெயர்களை ஆங்கிலேயர் நம்மிடம் கேட்டு எழுதவில்லை. முன்பே அங்கே வந்துவிட்ட போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், டேனியர் ஆகியோர் வாயில் உருமாறிய வடிவங்களைப் பெற்றுக்கொண்டனர். எபிரேய விவிலியம் சுமேரிய நகருக்குச் செய்ததை, போர்ச்சுகீசிய மாலுமிகள் தூத்துக்குடிக்குச் செய்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2020 ஜூனில் வெளியான தமிழக அரசின் ஆணையைப் பார்க்க வேண்டும். 1,018 இடங்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக அந்த ஆணை சொன்னது. அப்போது தமிழ் வளர்ச்சித் துறையின் பொறுப்பில் இருந்த அமைச்சர் க. பாண்டியராஜன் ஆவடி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் என்பது ஒரு பொருத்தம். நோக்கம் நல்லதே. முறைதான் பிழைத்தது. 'ஊர்' என்பதற்கு இரண்டு 'ஓ' இட்டு மூன்றாவதாக ஓர் எழுத்துக்கோவை உருவானது. வேலூரின் ஏகார நெடிலைக் காட்ட இரண்டு 'ஈ' இட்டார்கள். ஆங்கிலம் அறிந்தவர் அதை 'வீலூர்' என்றுதான் படிப்பார். அம்பத்தூருக்கும் கோயம்புத்தூருக்கும் தகர ஒற்றைக் காட்ட இரட்டை 'டி-எச்' சேர்ந்து பெயர்கள் நீண்டன. கேலியும் கண்டனமும் எழவே, சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை; ஆணையிட்டவர்களும் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் தமிழின் குறில் நெடிலும், ல-ள-ழ வேறுபாடும் அடங்கா. மொழியியலாளர் குறிகள் சேர்த்து எழுதும் முறையொன்று உண்டு. அதைப் பேருந்துப் பலகையில் எழுத முடியாது. எனவே, எந்த ஆங்கில வடிவமும் தமிழ் ஒலிக்கு முழுமையாக ஈடாகாது. பொதுமக்களுக்கு இதில் வேண்டியது ஒலித் துல்லியத்தைவிட நிலைத்தன்மை. பட்டாவில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிக் கணக்கில் ஒரு விதம் என்று ஊரின் எழுத்துக்கோவை மாறுபட்டால், ஒவ்வொரு முறையும் விளக்கக் கடிதத்தோடு அலைய வேண்டியவர் அந்த ஊர்க்காரர். மதராஸ் 1996-இல் சென்னை ஆனது வேறு. அங்கே பெயரே மாறியது. அம்பத்தூரின் பெயர் மாறவில்லை. ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு லட்சக்கணக்கான ஆவணங்கள் விலையாக வேண்டுமா?

உண்மையான இழப்பு ஆங்கிலப் பலகையில் நேர்வதன்று, தமிழில் நேர்கிறது. உரிம் என்ற ஒலி மீண்டது, பழைய எழுத்தர்கள் ஒவ்வொரு குறிக்கும் ஒலியைப் பட்டியலிட்டுக் களிமண்ணில் எழுதி வைத்ததால். நமக்கும் அத்தகைய பட்டியல் உண்டு. வருவாய்த் துறையின் கிராமக் கணக்குகள் தமிழில் இருக்கின்றன. பாரிவாக்கத்தின் இரண்டு நெடில்களும் அங்கே பத்திரமாக உள்ளன. ஆனால், வரைபடச் செயலியும் மனை விளம்பரமும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆங்கில வடிவத்தை எந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கிக்கொள்கின்றன. நெடில் குறிலாவதும், ளகரம் லகரமாவதும், றகரம் ரகரமாவதும் அந்த இடத்தில்தான். அத்தமிழைப் பார்த்து அடுத்தவர் எழுதுகிறார்; அதைப் பார்த்து மற்றொருவர். ஊரில் பிறந்து வளர்ந்தோர் சிறுபான்மையாகிவரும் புறநகரங்களில், 'அப்படி இல்லை, பாரிவாக்கம்' என்று திருத்தச் செவிவழி மரபும் மெலிந்துவருகிறது.

ஆங்கில எழுத்துக்கோவைகளை இருக்கிறபடி விட்டுவிட்டு, தமிழ் வடிவங்களை உறுதிசெய்வதில் அரசு இறங்கலாம். வருவாய்க் கிராமம், குக்கிராமம், ஏரி, தெரு என்று ஒவ்வொன்றின் தமிழ்ப் பெயரையும், வழக்கிலுள்ள ஆங்கில வடிவத்தையும், நில வரைபடத்தில் அதன் இருப்பிடத்தையும் இணைத்து ஒரே பட்டியலாக, யாரும் எடுத்தாளத்தக்க மின்வடிவில் வெளியிட வேண்டும். பூந்தமல்லி, பூவிருந்தவல்லி என்று இரண்டு வடிவங்கள் வழங்கும் இடங்களில் இரண்டையுமே பதிவு செய்யலாம். ஒன்றை அழிக்க வேண்டியதில்லை. சாலைப் பலகை எழுதுவோரும், மெட்ரோ நிலையங்களுக்குப் பெயர் எழுதுவோரும், வரைபட நிறுவனங்களும் அந்தப் பட்டியலிலிருந்தே தமிழ்ப் பெயரை எடுக்க வேண்டும் என்று விதிப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. 2020-இன் ஆணைக்காக 1,018 பெயர்களைத் திரட்டிய உழைப்பை அதற்கு முதற்படியாகக் கொள்ளலாம்.